பின்சீட்டில் ஒரு மாலை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் கார் ஓட்டிப் போய்வருகிறவன் நான். இத்தனை வருடத்தில் வேகமாகப் போனதற்காக ஒருமுறைகூட அபராதம் கட்டியதில்லை. இதை ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆபீசில் டீ குடிக்கும்போது யாராவது தன் செல்போனுக்கு வந்த சலான் மெசேஜைக் காட்டிப் புலம்பினால், நான் ஒன்றும் பேசாமல் சிரித்துக்கொண்டு கிளாஸைக் கீழே வைப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மெதுவாகப் போகிற உத்தமன் என்பதால் கட்டாமல் இருந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதிதாகப் போட்ட நாலுவழிச் சாலையில் காரைக்காடு தாண்டியதும் என் கால் தானாகவே அழுத்தும். சிதம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் எனக்குக் காசாளர் வேலை. பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேனேஜரிடம், மற்றது என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். நான் போய்ச் சேரவில்லையென்றால் கவுண்டருக்கு முன்னால் பென்ஷன் வாங்க வந்த கூட்டம் நிற்கும், மேனேஜர் வாசலுக்கும் அறைக்கும் நடப்பார். சீக்கிரம் கிளம்ப வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ரயிலில் போகலாமே என்று என் மனைவி கேட்டு அலுத்துவிட்டாள். காலையில் இன்னொரு காபியும் பேப்பரும் முடித்துவிட்டுக் கிளம்பி, அந்த நேரத்தை ரோட்டில் பிடித்துவிடலாம் என்று நினைக்கிற ஜாதி நான்.

பிடிப்பதற்கு வழிகளும் இருந்தன. எதிரே வருகிற லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு முறை மினுக்கினால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். தினமும் போய்வருகிற எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. “ஆலப்பாக்கம் கிளியர்”, “புதுச்சத்திரத்துல ஸ்பீடு பாக்குற மெஷினோட நிக்கிறாங்க” என்று முதலில் போகிறவர்கள் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்ததும் காலைத் தளர்த்தி, கண்டக்டருக்குப் பயந்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒழுங்காகப் போய், அவர்களைத் தாண்டியதும் மறுபடி அழுத்துவோம். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். இதற்காக மட்டும் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கூட வேலை பார்க்கிறவரின் அம்மா ஒருநாள் தவறிவிட்டார். சிதம்பரத்தில்தான் வீடு. ஆபீசுக்குப் போவதற்கு முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போனில் யாரோடோ பேசிக்கொண்டே போனதில் குழுவைப் பார்க்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டிப் பாலத்து நிழலில் நின்றிருந்தவர்கள் கையைக் காட்டினார்கள். மாட்டிக்கொண்டேன்.

வந்தவர் ஒரு ஏட்டு. தடித்த உடம்பு, தொப்பிக்குள் மடித்து வைத்த கைக்குட்டை, ஆனால் குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் மென்மையாக இருந்தது. “என்னா சார், இந்தப் போக்கு போறீங்க. லைசென்ஸ் எடுங்க” என்றவர், குனிந்தபோது பின்சீட்டைப் பார்த்தார். லைசென்ஸுக்காக நீட்டிய கை அப்படியே நின்றது.

“சாவுக்கா சார் போறீங்க?”

“ஆமா சார்.”

“போங்க. எடுக்கறதுக்குள்ள போவணும்னுதான் தோணும். அதுக்காவ நீங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடாதீங்க. பாத்துப் போங்க.”

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். எனக்குக் கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போய்விட்டது. எந்த மெஷினும் பார்க்காத ஒன்றை அந்த மனிதர் பார்த்தார் என்று அன்று சாவு வீட்டில் இரண்டு பேரிடம் சொன்னேன். அது உண்மையான நாள். என் பின்சீட்டில் மாலை உண்மையைச் சொன்ன நாள் ரொம்ப காலத்துக்கு அது ஒன்றுதான் என்று பிற்பாடு ஆகிவிட்டது.

அடுத்தது தானாக நடந்தது. எங்கள் கிளையில் ஒருவர் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் அவருக்கு விழுந்த மாலைகளைத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லாமல், அவரை வீட்டில் விடப்போன என் காரில் போட்டார்கள். எல்லாம் இறக்கியும் ஒன்று சீட்டுக்குக் கீழே கிடந்திருக்கிறது. மறுநாள் காலை முட்லூருக்குப் பக்கத்தில் ஒரு இளம் போலீஸ்காரர் நிறுத்தினார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். நான் வாயைத் திறக்கவேயில்லை.

“யாரு சார்?” என்று அவரே கேட்டார், தணிந்த குரலில்.

“பெரியப்பா” என்றேன்.

என் பெரியப்பா செத்துப் பல வருடம் ஆகிறது. ஏற்கெனவே போனவரைச் சொன்னதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று, வண்டியைக் கிளப்பும்போதே எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சிரிப்புகூட வந்தது. பெரியப்பா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்று வேறு நினைத்தேன். மனிதன் தனக்குத்தானே வக்கீலாக இருக்கிறபோது வாதம் அருமையாக அமைகிறது.

மூன்றாவது முறை நானே காசு கொடுத்து வாங்கினேன். இதைச் சொல்லத்தான் எனக்கு நா கூசுகிறது. சாவு மாலையை ஸ்டெப்னி மாதிரி வண்டியில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பூக்கடை அம்மாவிடம், நேற்றுக் கட்டினது மீந்திருந்தால் போதும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாவுக்குப் போகிறவன் எவன் பழைய பூவைக் கேட்பான்? சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தும்போது மாலையை டிக்கியில் போட்டு மூடுவேன். காலையில் மறுபடி பின்சீட்டுக்கு எடுத்து, பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன். சீட்டில் ரோஜா இதழ் ஒட்டியிருக்கிறதே என்று மனைவி கேட்டபோது, ஆபீஸ் பூஜைக்கு வாங்கியது என்றேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகளின் பொய்யை வாசலில் நுழையும்போதே கண்டுபிடிக்கிறவள். என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு விதி வைத்திருந்தேன். ஏற்கெனவே செத்தவர்களை மட்டும்தான் சொல்வது. தாத்தா, ஒன்றுவிட்ட அண்ணன், பக்கத்து வீட்டில் இருந்த வாத்தியார் எல்லோரும் அந்த ரோட்டில் இன்னொரு முறை செத்தார்கள். நிறுத்துகிற போலீஸ்காரர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் ஒருவருக்கும் கணக்கு தெரியவில்லை. உயிரோடிருப்பவர்களை வாயில் எடுப்பதில்லை என்ற அந்த விதியை நான் ஏதோ ஒழுக்கம்போல நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணாமலை நகரைத் தாண்டி உள்ளே போகிற ஊர் அவருக்கு. சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருந்தவர், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நிலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை. கடலூரில் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு எங்களோடு இருந்தார். கறுப்புக் கண்ணாடியும் வேட்டியுமாகக் கூடத்தில் உட்கார்ந்து, டிவியைப் பார்க்க முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று என் மனைவிக்குப் பள்ளியில் ஏதோ ஆய்வு, சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டாள். சொட்டு மருந்து போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு மருந்து. முதல் மருந்து விட்டதும் அவர் சிமிட்டிவிட்டார், கன்னத்தில் வழிந்துவிட்டது. திரும்ப விட்டேன். இரண்டாவதை எடுத்தால், “ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் கொஞ்ச நேரம் ஆவணும் மாப்ள. டாக்டரு சொன்னாரு” என்று கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துவிட்டார். நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு அவசரமே இல்லை. “வெயிலு ஏறிட்டா வண்டி ஓட்டறது கஷ்டம்ல?” என்று பேச்சு வேறு. எனக்கு உள்ளே கொதித்தது. இரண்டாவதையும் விட்டுவிட்டு வெளியே வந்தேன்; வாசலில் காரின் கதவை நான் சாத்திய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

அந்தக் கோபத்தோடு ஓட்டினேன். பாலத்து நிழலில் அதே ஏட்டு கையைக் காட்டினார். கிட்டே வந்து மாலையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். முகம் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

“அடடா. யாரு சார்?”

என் பட்டியலில் இருந்த ஒரு செத்த மனிதரும் அப்போது வாயில் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்த ஒருவர்தான் மனதில் நின்றார்.

“மாமனார்” என்றேன்.

“என்னா ஆச்சு?”

“ராத்திரி படுத்தவரு. காலையில எழுந்திரிக்கல.”

எவ்வளவு சரளமாக வந்தது என்று நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏட்டு கார் ஜன்னலில் கையை வைத்தார். “நல்ல சாவு சார். படுத்துக் கெடக்காம போனாரு பாருங்க. வீட்டம்மா முன்னாடியே போயிட்டாங்களா? அவுங்களத்தான் பாத்துக்கணும். பொம்பளப் புள்ளைங்களுக்கு அப்பான்னா பாசம் ஜாஸ்தி.” பிறகு போனை எடுத்தார். “முட்லூர்ல நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. வெள்ள காரு ஒண்ணு வருது, சாவுக்குப் போறாங்க, நிறுத்தாதீங்கன்னு சொல்லிடறேன். நீங்க போங்க.”

முட்லூரில் என்னைப் பார்த்ததும் ஒருவர் கையை உயர்த்தி வழிவிட்டார். ஏதோ மந்திரி மாதிரி நான் கடந்து போனேன். ஆபீசில் மேனேஜர் தன் சாவியைப் போட, நான் என் சாவியைப் போட, பெட்டகம் வழக்கம்போலத் திறந்தது. அன்று முழுக்க நோட்டை எண்ணும்போது கை கூசிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி அந்த மாலையை ஆற்றில் வீசினேன். கையைத் துடைத்துக்கொண்டேன், அது போதாமல் சட்டையிலும் துடைத்தேன்.

வீட்டில் நுழைந்ததும், “வாங்க மாப்ள, களைச்சிப் போயி வந்திருப்பீங்க. மொதல்ல உக்காருங்க” என்றார் அவர், காலடிச் சத்தம் வந்த திசையைப் பார்த்து. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மருந்துப் பாட்டிலை எடுத்தேன். அன்றிலிருந்து அவர் ஊருக்குத் திரும்புகிற வரை காலை, மாலை, இரண்டு வேளையும் நானே போட்டேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நெல் விலை, உர மூட்டை, பையனுக்கு வியாபாரம் தெரியாதது என்று அவர் பேசினார். என் மனைவி அடுத்த அறையில் போனில் அவள் அம்மாவிடம் சொல்வது கேட்டது: “அவரே போடுறாரும்மா. நான் சொல்லக்கூட இல்ல.” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டு அந்த மனிதரின் இமையை விரலால் பிரித்துப் பிடித்தேன். எனக்கு இருந்த வெட்கத்தில் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று பட்டது. சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு முன்னதாகவே கிளம்பினேன். பேப்பரைச் சாயங்காலம் படித்தேன். எண்பதைத் தாண்டுவதில்லை. பாலம் வருவதற்கு முன்பே ஏதாவது ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அப்படியும் ஒருநாள் புதுச்சத்திரத்தில் டீ குடிக்க இறங்கியபோது அந்த ஏட்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“காரியம்லாம் முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுது.”

“வீட்டம்மா தேறிட்டாங்களா?”

“தேறிட்டாங்க சார்.”

என் டீக்கும் சேர்த்து அவர்தான் காசு கொடுத்தார். நான் திருந்திவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் பயந்திருந்தேன், அவ்வளவுதான். பயம் போகட்டும், நாளாக ஆக எல்லாம் மறந்துபோகும் என்று காத்திருந்தேன்.

தை பிறந்து சில நாட்களில், காலையில் பால் வாங்கி வைத்துவிட்டு வந்தபோது என் மனைவி கையில் போனோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் தம்பியின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. “ராத்திரி நல்லாதான்க்கா சாப்புட்டுப் படுத்தாரு. அம்மா எழுப்பறாங்க, எழுந்திரிக்கல.”

அவளைப் பிடிக்கப் போன நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். நான் துக்கத்தில் அப்படி நிற்கிறேன் என்று அவள் நினைத்து, “நீங்க உக்காருங்க” என்றாள். அப்பாவை இழந்தவள் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கிளம்பும்போது, “மாலை இங்கியே வாங்கிடலாம். நம்ம மாலை பெருசா இருக்கணும்” என்றாள். அதே பூக்கடைதான் அந்த நேரத்தில் திறந்திருந்தது. நான் மட்டும் இறங்கினேன். கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும், “பழசு ஒண்ணும் இல்லியே சார்” என்றார். புதிதாகக் கட்டியதில் இருப்பதிலேயே பெரியதைக் கொடுங்கள் என்று சொல்லி வாங்கி வந்தேன். அதைப் பின்சீட்டில் வைக்கும்போது, எப்போதும் வைக்கிற இடத்துக்கே என் கை போயிற்று. இடத்தை மாற்றி, அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். எங்கே வைத்தாலும் அதே மாலைதான்.

மெதுவா போங்க மெதுவா போங்க என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அன்று, “கொஞ்சம் வேகமா போங்களேன்” என்றாள். முடிச்சுப் போட்ட தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது, அதை அவள் கவனிக்கவேயில்லை. நான் அழுத்தினேன். குழுவைப் பார்க்கவில்லை. ஒரு லாரி லைட்டை மினுக்கியதைப் பார்த்தேன். பார்த்தும் காலைத் தளர்த்தவில்லை. அன்று ஒருநாளாவது எனக்கு அவசரப்பட உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

பாலத்து நிழலில் கை காட்டினார்கள். ஏட்டு நடந்து வந்தார். கண்ணாடியை இறக்கினேன். மாலையைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“மறுபடியுமா சார்?” அந்தக் குரலில் துளிகூடக் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். “ஆடியிலதான் மாமனாரு தவறிட்டாரு. இப்ப யாரு சார்?”

நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கப்பா” என்றாள் என் மனைவி. “எங்கப்பா செத்துட்டாரு சார். இன்னிக்குக் காலையில. எங்கள விடுங்க.”

ஏட்டுக்கு முதலில் புரியவில்லை. அவளை ஒரு கணம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புரிந்தது. அவர் கோபப்பட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் காரைச் சுற்றி அவள் பக்கம் போனார். “நான் வேற யாரோன்னு நெனச்சிட்டேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. போங்க” என்றார். என் பக்கம் திரும்பவில்லை. நான் வண்டியை எடுத்தபோதும் அவர் தொப்பியைப் போடாமல் அவள் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முட்லூரைத் தாண்டினோம். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். வெள்ளாறு வந்தது.

“அவரு யாரோன்னு நெனைக்கல” என்றாள்.

“இல்ல.”

“ஆடியில அப்பா நம்ம வீட்டுல இருந்தாரு.”

“ஆமா.”

“ஃபைனு கட்டக் கூடாதுன்னு சொன்னீங்களா?”

“ஆமா.”

இன்னும் ஏதாவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள், மறுபடி உள்ளேயே வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும், “அதுக்குத்தான் கண்ணுக்கு மருந்து போட்டீங்களா?” என்றாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு கியரை மாற்றினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா செத்த செய்தி கேட்டும் அழாமல் வந்தவள், அங்கேதான் அழ ஆரம்பித்தாள்.

ஊரில் இறங்கியதும் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். மாலையை நான்தான் எடுத்துக்கொண்டு போய் அவரைக் கிடத்தியிருந்த பெட்டியின் மேல் வைத்தேன். குளிர்பெட்டிக் கண்ணாடிக்கு உள்ளே அவர் கண் மூடியிருந்தது. மாமியார் என்னைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா மாப்ள? பெத்த புள்ளகூட செய்யல, நீங்க செஞ்சீங்கன்னு ஊரு முழுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாரே” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுற்றி இருந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். என் மனைவி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நினைத்திருந்தால் அங்கேயே ஒரு வார்த்தையில் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவள் அழுததைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

சாயங்காலம் எடுத்தார்கள். பாடைக்குத் தோள் கொடுத்தேன். வாய்க்கரிசி போட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் நான் அரிசி போட்டதைக் கவனித்து மச்சான் என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

இனி நான் எழுதப்போவது என் மனைவிக்குத் தெரியாது. அச்சில் வந்தால் படிப்பாள். அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல எத்தனையோ முறை முயன்று, வேறு ஏதாவது பேசிவிட்டு எழுந்து போயிருக்கிறேன். ஆகவே இங்கேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினோம். வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் கடைசியாக வந்தேன். அவள் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். வீங்கிய கண். குடத்தைச் சாய்க்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். “எப்படிச் செத்தாருன்னு அந்த ஏட்டு கேட்டிருப்பாரு. கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே பேசினாள். “செத்துட்டாருன்னு சொன்னதக்கூட நான் எப்படியாவது முழுங்கிடுவேன். படுத்தவரு எழுந்திரிக்கலன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, அது அப்படியே பலிச்சிடுச்சின்னுதான் எனக்குத் தோணும். ஒவ்வொரு நாளும் உங்க மூஞ்சியப் பாக்கும்போது தோணும். அப்பறம் என்னால உங்ககூட ஒரே வீட்டுல இருக்க முடியாது. உண்மையச் சொல்லுங்க.”

உண்மையைச் சொல்லுங்கள் என்று என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. ரோட்டில் நிறுத்தியவர்கள் எல்லோரும் தாங்களாகவே நம்பிக்கொண்டார்கள். இவள் கேட்டாள். ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கன்னத்தில் வழிந்த மருந்து, கார் ஜன்னலில் ஏட்டு வைத்த அந்தக் கை, நான் சொன்ன அந்த இரண்டு வாக்கியம், எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

“ஆக்சிடென்ட்டுன்னு சொன்னேன்” என்றேன். “சேத்தியாத்தோப்புல ரோட்டக் கடக்கும்போது பைக்கு மோதிடுச்சின்னு.”

யோசிக்கவே இல்லை. ஊரும் பைக்கும் தானாக வந்து விழுந்தன. அவள் என் முகத்தையே பார்த்தாள். எத்தனையோ பேர் குனிந்து பார்த்துப் பழகிய முகம் அது. அவளிடமும் அது நன்றாகவே நின்றது.

“சாமி” என்று மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. குடத்தைச் சாய்த்து என் இரண்டு காலிலும் தண்ணீர் ஊற்றினாள், ஒரு கால் சரியாக நனையவில்லை என்று மறுபடியும் ஊற்றினாள்.

“உள்ள போயி வெளக்கப் பாருங்க” என்று ஒதுங்கி நின்றாள். அவளும் என்னைப் போக விட்டாள்.